நீந்தத் தெரிந்தவரெல்லாம் நீச்சல் ஆசிரியர் அல்லர்

கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் எந்த நகரத்து நீச்சல்குளத்துக்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். இருபது முப்பது குழந்தைகள் குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கால்களை அடித்துக்கொண்டிருப்பார்கள். கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்ட ஒருவர் கரையில் நின்றபடி குரல் கொடுப்பார். பதினைந்து நாளில் நீச்சல் கற்பிக்கப்படும் என்னும் பலகை வாயிலில் இருக்கும். பணம் செலுத்தும் பெற்றோர் தண்ணீர் தூய்மையானதா, உடை மாற்ற அறை உண்டா, வகுப்பு எத்தனை மணிக்கு என்றெல்லாம் விசாரிப்பார்கள். கரையில் நிற்பவர் எங்கே என்ன பயின்றார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

அந்தக் கேள்வியின் எடையை உணரச் சில எண்களைப் பார்க்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 38,000க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்தனர். நாளொன்றுக்கு நூறு பேருக்கும் மேல். உலக அளவில் 2021ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் இவ்வாறு உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இதைக் கருதியே ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2021இல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

நம் நாட்டில் இந்த இறப்புகளில் பெரும்பாலானவை நீச்சல்குளங்களில் நிகழ்வதில்லை. ஏரி, குட்டை, கிணறு, கால்வாய், ஆறு, கைவிடப்பட்ட கல்குவாரி ஆகியவையே களம். அப்படியானால் நீச்சல்குளத்து ஆசிரியரால் என்ன பயன் என்று கேட்கலாம். விடை எளியது. குளம் குழந்தையோடு வீட்டுக்குப் போவதில்லை. குளத்தில் கற்றது போகிறது. என்ன கற்றது என்பதுதான் சிக்கல்.

நம் ஊர்களில் நீச்சல் கற்ற வழி வேறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டோ, வாழைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டோ கிணற்றில் இறங்கியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். "அப்பா கிணற்றில் தள்ளிவிட்டார், தானாக நீந்தி வந்தேன்" என்று பெருமையோடு சொல்பவர்களும் உண்டு. சுரைக்குடுக்கையில் நல்ல அறிவு இருந்தது. மிதப்பதை முதலில் கற்பித்து, பிறகு படிப்படியாகத் துணையைக் குறைத்தது அது. தள்ளிவிடும் முறையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. அவ்வாறு தள்ளப்பட்டுக் கரையேறியவர்கள் கதை சொல்கிறார்கள். கரையேறாதவர்களின் கதையைக் கேட்க நமக்கு வழியில்லை. கரையேறியும் வாழ்நாள் முழுதும் தண்ணீரை அஞ்சி ஒதுங்கியவர்கள் எத்தனை பேர் என்பதையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பயிற்றுநரும் ஆசிரியரும்

பயிற்றுநர், ஆசிரியர், உயிர்காப்பாளர் ஆகிய மூவரையும் நாம் ஒருவராகவே எண்ணிவிடுகிறோம். நீந்தத் தெரிந்தவரை விரைவாக நீந்தச் செய்பவர் பயிற்றுநர். மூழ்குபவரை மீட்பவர் உயிர்காப்பாளர். நீரையே அறியாத ஒருவரை நீரில் பாதுகாப்பாக இருக்கக்கூடியவராக மாற்றுபவர் ஆசிரியர். முதல் இருவருக்கும் இந்தியாவில் நிறுவனங்கள் உள்ளன. 1961இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் விளையாட்டுப் பயிற்றுநர்களுக்குப் பட்டயப் படிப்பையும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையும் நடத்துகிறது; நீச்சலும் அவற்றில் ஒரு பாடம். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்டிரிய லைஃப் சேவிங் சொசைட்டி உயிர்காப்பாளர்களை உருவாக்குகிறது. நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காக்கும் முறைகளையும் படகு செலுத்துவதையும் கற்றுத் தருகிறது. மூன்றாமவரான ஆசிரியருக்கென்று நாடு முழுதும் ஏற்கப்பட்ட தனித்தகுதி இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே பந்தயத்தில் வென்றவரோ, நன்றாக நீந்துபவரோ அந்த இடத்தில் நின்றுவிடுகிறார். நன்றாகப் பாடுபவரெல்லாம் பாட்டாசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம்; நீச்சலில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் இந்த மூன்றாம் இடத்துக்கே முதன்மை தரப்பட்டுள்ளது. அங்கே 'ஆஸ்ட்ஸ்விம்' என்னும் அமைப்பு வழங்கும் அடிப்படைத் தகுதியின் பெயரே 'நீச்சல் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆசிரியர்' என்பதுதான். அதைப் பெற்ற பிறகு, கைக்குழந்தைகளுக்குக் கற்பிக்க ஒரு சிறப்புத் தகுதியையும், மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்க இன்னொன்றையும் தனித்தனியே பெறலாம்.

அடிப்படைப் பயிற்சியில் என்னதான் கற்பிக்கிறார்கள்? பயில வருபவர் நிற்காமல் நீந்திக் காட்டவும், ஆழத்தில் நின்ற நிலையில் மிதக்கவும், அடித்தளத்தில் கிடக்கும் பொருளை எடுத்து வரவும் வேண்டும். இது நுழைவாயில் மட்டுமே. பிறகு தொடங்குவது, தாம் எண்ணாமலே செய்து பழகிவிட்ட ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை. மனித உடலில் நுரையீரல் காற்றுப்பை போன்றது. அது மார்பை மேலே தூக்கும். கால்கள் கனமானவை, கீழே இழுக்கும். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். அஞ்சுபவர் தலையைத்தான் முதலில் தூக்குவார். ஆகவே அச்சமே அவரை மூழ்கடிக்கும் விசையாக மாறுகிறது. இதை அறிந்த ஆசிரியர், "பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். காதுகள் நீருக்குள் இருக்குமாறு மல்லாந்து படுக்கவும், தம் தோளில் தலையைச் சாய்க்கவும் மாணவரைப் பழக்குவார்.

மிதத்தலுக்கு அடுத்து வருவது பலரும் கருதுவதுபோல் கைவீச்சு அன்று. மிதக்கும் நிலையிலிருந்து மீண்டும் காலூன்றி நிற்பது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இடுப்பளவு நீரில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்ததில்லையா? நிற்கக்கூடிய ஆழம்தான், குப்புற விழுந்தவருக்கு முழங்காலை மார்புக்கு இழுத்து, கைகளால் நீரைக் கீழே அழுத்தி, தலையை நிமிர்த்தி எழுவது தெரியவில்லை. அந்த ஓர் அசைவைக் கற்பிக்காமல் நான்கு வகை நீச்சலையும் கற்பித்துவிடுகிற வகுப்புகள் உண்டு.

நீர்ப் பாதுகாப்பு என்னும் பகுதி நீச்சலைவிட விரிவானது. நீச்சல் உடை அணிந்தா குழந்தை குட்டையில் விழப்போகிறது? பள்ளிச் சீருடையோடும் பாவாடையோடும் மிதந்து பார்க்கும் பாடம் அதனால்தான் வைக்கப்படுகிறது. மணல் எடுத்த ஆற்றில் முழங்காலளவு நீரை அடுத்து ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கலாம், கடலில் கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும், இவையெல்லாம் பாடங்கள். எல்லாவற்றுக்கும் மேலானது, மூழ்குபவரைக் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்காதே என்பது. ஒரே குட்டையில் அண்ணன் தம்பி இருவரும், அல்லது தோழிகள் மூவரும் இறந்தனர் என்று வரும் செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். படுத்துக்கொண்டு கழியை நீட்டுதல், கயிறு இல்லாவிடில் சேலையையோ வேட்டியையோ வீசுதல், மூடியை இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேனை எறிதல், உதவிக்குக் கூவுதல் ஆகியவற்றை எட்டு வயதுக் குழந்தைக்கும் கற்பிக்கலாம்.

ஆசிரியரின் கண்ணையும் பழக்க வேண்டும். திரைப்படத்தில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். உண்மையில் அவருக்குக் கத்த மூச்சு இராது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். உடல் நிமிர்ந்தபடி இருக்கும். அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா இதைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்தார். இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிகளுக்குள் முடிந்துவிடலாம். பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் தெரியாது. எனவே வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் எந்த மாணவருக்கும் முதுகைக் காட்டாத இடத்தில் நிற்கவும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைகளை எண்ணவும் பழக்கப்படுகிறார். கைப்பேசியைப் பார்த்தபடி வகுப்பு நடத்துபவரைக் கண்டால் பெற்றோர் குழந்தையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவதே நல்லது.

பிறகு மூச்சூட்டல். மூழ்கியவரை வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதும் இன்றும் நம் ஊர்களில் நடக்கின்றன. இவற்றால் விலைமதிப்பற்ற நேரம் வீணாவதோடு, வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்தும் உண்டு. அவருக்குக் குறைவது காற்று; ஆகவே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுவதில் தொடங்கி, மார்பை அழுத்தும் சி.பி.ஆர். முறையைத் தொடர வேண்டும். இதைப் பொம்மையின்மீது கைகள் களைக்கும்வரை செய்து பார்க்காமல் புத்தகத்தில் படித்துப் பயனில்லை. பழகாவிட்டால் மறந்துவிடும் என்பதால் ஆஸ்திரேலியாவில் இத்தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். நம் நாட்டில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளித்துவருகின்றன.

சிறப்புப் பயிற்சி தொடங்கும் இடம்

என் உறவினர் ஒருவரின் மகனுக்கு ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம். ஒன்பது வயதுச் சிறுவன். தண்ணீரைக் கண்டால் ஓடிப்போய் இறங்கிவிடுவான். அவனை ஒரு குளத்துக்கு அழைத்துச் சென்றபோது, மற்றப் பிள்ளைகளுக்கு இடையூறாகும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதியிறுக்கம் உள்ள குழந்தைகள் நீரால் ஈர்க்கப்படுவதும், அவர்கள் மூழ்கும் ஆபத்து மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு மிகுதி என்பதும் அந்தக் குளத்தாருக்குத் தெரிந்திருக்கவில்லை. நீச்சல் யாருக்கு மிக அவசியமோ அவனுக்கே கதவு அடைக்கப்பட்டது.

பின்னர் வேறொரு குளத்தில் ஓர் ஆசிரியை அவனை ஏற்றுக்கொண்டார். முதல் மூன்று வாரம் அவன் படியில் உட்கார்ந்து காலை நனைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. உறவினர் பொறுமையிழந்தார். அந்த அம்மையார் பேச்சைக் குறைத்து, படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டினார்: படி, குமிழி விடுதல், சுவரைப் பிடித்தல், முடிந்தது. ஒவ்வொரு நாளும் அதே வரிசை, அதே இடம், அதே நேரம். அவர் முதலில் கற்பித்தது நீச்சல் அன்று. நீரில் விழுந்தால் திரும்பி, விழுந்த இடத்துச் சுவரையே பற்றி ஏறுவது. அதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

இத்தகைய கற்பித்தலுக்குத் தனி இலக்கியமே உண்டு. 1949இல் இலண்டனில் ஹாலிவிக் என்னும் மாற்றுத்திறன் சிறுமியர் பள்ளியில் ஜேம்ஸ் மக்மில்லன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய முறை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அவர் சிந்தித்தது பாய்மங்களின் இயக்கவியல் வழியே. உடலின் இரு பக்கமும் ஒரே அளவில் இல்லாத ஒருவர் மிதக்கும்போது தாமாகவே ஒரு பக்கம் உருள்வார். தலையைச் சற்றே திருப்பி அந்த உருள்தலைத் தாமே நிறுத்தக் கற்றுவிட்டால் நீர் அவருக்கு வசப்படும். பத்துப் படிகள் கொண்ட அந்த முறையில் முதற்படி மனம் நீரோடு இணங்குவது. கைகால் அசைத்து நீந்துவது கடைசியில்தான் வருகிறது. மிதவைகள் பயன்படுத்தப்படுவதில்லை. மாணவர் ஒருவருக்கு ஆசிரியர் ஒருவர். அவருடைய கையே மிதவை. அந்தக் கையை நாளுக்கு நாள் விலக்குவதே கலை. நம் சுரைக்குடுக்கை நினைவுக்கு வரவில்லையா?

ஒவ்வோர் உடலுக்கும் தனி அறிவு தேவை என்பதைச் சிறப்புப் பயிற்சி உணர்த்துகிறது. பெருமூளை வாதம் உள்ளவருக்குக் குளிர்ந்த நீர் தசைகளை மேலும் இறுக்கும். போட்டிக் குளங்களின் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பநிலை அவருக்குப் போதாது, அதைவிடச் சில பாகை வெதுவெதுப்பு வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் ஒப்புதலின்றி அவர்களைத் தலைகீழாகப் பாய விடலாகாது. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குக் காலில் உணர்ச்சி இராது. குளத்தின் தரையில் உராய்ந்து புண்ணானாலும் தெரியாது என்பதால் காலுறை அணிவிக்க வேண்டும். பார்வையற்ற நீச்சல் வீரர் சுவரை நெருங்கும்போது நுனியில் மென்பஞ்சு சுற்றிய கோலால் மெல்லத் தட்டி அறிவிப்பார்கள். வலிப்பு நோய் உள்ளவர் ஒருபோதும் தனியே நீந்தலாகாது. நீரில் வலிப்பு வந்தால் பின்புறமிருந்து தலையைத் தாங்கி முகத்தை நீருக்கு மேல் வைத்திருக்க வேண்டும்; வாயில் எதையும் திணிக்கலாகாது; வெளியே எடுத்த பின், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் நுரையீரலில் நீர் புகுந்திருக்கலாம்.

இவர்களால் எதுவரை போக முடியும் என்ற ஐயம் எழுந்தால் முரளிகாந்த் பேட்கரை நினைக்கலாம். 1965 போரில் குண்டடிபட்ட இராணுவ வீரர் அவர். உடலைத் தேற்றுவதற்காக நீந்தத் தொடங்கியவர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது.

கைக்குழந்தைகளுக்குக் கற்பிப்பது இன்னொரு சிறப்புத் துறை. அங்கே மாணவர் குழந்தை மட்டுமல்லர். அதை ஏந்தியிருக்கும் தாயும் தந்தையுமே முதல் மாணவர். குழந்தையை வலிந்து நீருக்குள் அமுக்குவது கூடாது. அதிக நீரை விழுங்கினால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும். வகுப்புக்குச் சென்ற குழந்தை நீரில் தப்பிவிடும் என்ற பொய் நம்பிக்கையைப் பெற்றோர் மனத்தில் வளரவிடாமல் இருப்பதும் ஆசிரியரின் கடமையே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காவல், கையெட்டும் தூரத்தில் இருக்கும் பெரியவர்தான்.

குளம் இல்லாத ஊரில்

நீல ஓடு பதித்த குளங்கள் நகரத்துக்கு உரியவை. கிராமத்துக்கு என்ன வழி என்பதற்கு வங்கதேசம் ஒரு விடையைக் கண்டிருக்கிறது. அங்கே ஊர்க்குட்டையிலேயே மூங்கிலால் தளமும் தடுப்பும் அமைத்து, அதே ஊர் இளைஞர்களையும் பெண்களையும் ஆசிரியர்களாகப் பயிற்றுவித்து, நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள். 'ஸ்விம்சேஃப்' என்பது அத்திட்டத்தின் பெயர். 25 மீட்டர் நீந்துதல், 30 நொடி மிதத்தல், கரையிலிருந்தே பிறரை மீட்டல் ஆகியவை தேர்ச்சியின் அளவு. அழகான கைவீச்சை யாரும் கேட்பதில்லை. பயிற்சி பெற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறத்தல் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்ததாக ஆய்வு காட்டியது. இன்னும் சிறிய குழந்தைகளுக்கு, தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில் 'ஆஞ்சல்' என்னும் காப்பகங்கள் நடக்கின்றன. வங்கமொழியில் அச்சொல்லுக்கு முந்தானை என்று பொருள்.

குட்டைகள் வீட்டுவாசலையே தொடும் நம் மேற்கு வங்கச் சுந்தரவனத்திலும் இவ்வகை முயற்சிகள் நடந்துவருகின்றன. கேரளத்தின் ஆலுவாவில் தன்னார்வலர்கள் கோடைதோறும் பெரியாற்றிலேயே சிறுவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறார்கள். 2023 டிசம்பரில் நடுவண் சுகாதார, குடும்பநல அமைச்சகம் நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான செயல்திட்டக் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டது. தாள் குளத்தங்கரைக்கு வந்து சேர வேண்டுமானால் ஊருக்குச் சிலரேனும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். குறிப்பாகப் பெண் ஆசிரியர்கள். அவர்கள் இல்லாத காரணத்தாலேயே நீச்சல் கற்காத சிறுமியர் நம்மிடையே ஏராளம்.

இதைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. முழுமையான ஒரே படிப்பு இல்லாததால், உயிர்காப்பாளர் சான்று, முதலுதவிச் சான்று, பயிற்றுநர் சான்று ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெற்று, சிறப்புக் கல்வி அறிந்த ஒருவரிடமோ உடலியக்க மருத்துவரிடமோ சிறிது காலம் உடனிருந்து கற்பதே இப்போதைக்கு வழி. வருமானம் கோடையில் கூடி மழைக்காலத்தில் இறங்கும். முதியோர் வகுப்பும் சிறப்புக் குழந்தைகள் வகுப்பும் ஆண்டு முழுதும் நடப்பதால் அந்த ஏற்ற இறக்கத்தைச் சற்றே சமன் செய்யும். சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி தொடங்க எண்ணுவோர் முத்ரா கடன் குறித்துத் தம் கிளையில் விசாரிக்கலாம். சேவைத் தொழில்களும் அதன் வரம்புக்குள் அடங்கும்.

ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா, நீரில் மூழ்கி இறக்கும் விபத்துக்கும் பொருந்தும் என்பது பல வாடிக்கையாளர்களுக்குத் தெரிவதில்லை. 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர் இதில் சேரலாம்; உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். அத்தகைய விபத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. துயரத்தின் நடுவே இதைத் தவறவிட்டுப் பின்னர் தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

அடுத்த முறை குளத்தின் வாயிலில் கட்டணச் சீட்டை வாங்கும் முன், கரையில் நிற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? முதல் வாரத்தில் என்ன கற்பிப்பீர்கள்? கடைசியாக எப்போது சி.பி.ஆர். பயிற்சி செய்தீர்கள்? நல்ல ஆசிரியர் இவற்றுக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.